வேலூரில் ஒரு மெஸ், பெயர் மட்டும் கேட்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மெஸ்ஸின் பெயரை எழுதப் போவதில்லை, லொகேஷனும் அனுப்ப மாட்டேன். பெயர் சொல்லாத ரிவ்யூ எதற்கு என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். கடை நடத்துகிற அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்: "நல்லா கீதுன்னு எழுதினாலும் பேரு போடாத நைனா. நல்லதா எழுதினா நாலு பேரு போனைத் தூக்கினு வருவான், அதுல ஒருத்தன் மறுபடியும் ஆரம்பிப்பான்." ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் இந்த ரிவ்யூவில் பாதி. மீதிப் பாதி சாப்பாடு.

இடம் வேலூர், சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற சந்துகளில் ஒன்று. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காந்தி ரோட்டில் பத்தடி நடந்தால் பெங்காலியில் போர்டு, இந்தியில் போர்டு, மூலைக்கு மூலை மெடிக்கல், கையில் ரிப்போர்ட் கவரோடு நடக்கிற கூட்டம். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில், சில பேர் மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டே பிழைக்கிற சின்னச் சின்ன மெஸ்கள் நிறைய. இது அதில் ஒன்று. ஆறு டேபிள், ஒரு வாஷ்பேசின், ஓடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு ஃபேன்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுவோம். மதியச் சாப்பாடு 80 ரூபாய், மீன் வேண்டுமென்றால் கூட 60. ரோகு, இல்லாத நாளில் கட்லா. அக்கா கடுகு எண்ணெயில் பொரித்துக் குழம்பு வைக்கிறார், பெங்கால்காரர்கள் சொல்லிக்கொடுத்த கை. நமக்கு அந்த வாடை முதல் தடவை மூக்கில் ஏறும், மூன்றாவது தடவை அதைத் தேடிப் போவோம். கூடவே மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கு வறுவல், மைசூர் பருப்பு கடைசல். நம்ம ஊர் ஆட்களுக்காக ஒரு காரக்குழம்பும் தனியாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அதில் முள்ளு கத்திரிக்காய் விழும், அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியிலிருந்து வருகிற, காம்பில் கையைக் குத்துகிற அந்த ரகம்தான், புவிசார் குறியீடு வாங்கியது. விதை கம்மி, வெந்தாலும் குழையாது, குழம்பை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தக் குழம்புக்கு மட்டும் நான் சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன்.

குறைகளும் இருக்கின்றன. சாம்பார் சுமார், ஒரு மணிக்கு மேல் போனால் சுமாருக்கும் கீழே. ரசத்தில் புளி தூக்கல். இரண்டாவது ஆம்லெட்டுக்கு முதல் ஆம்லெட்டை விட 5 ரூபாய் அதிகம் வாங்குகிறார், கேட்டால் "மொதல்ல சொல்லிருந்தா ஒண்ணா ஊத்தியிருப்பேன், இப்ப மறுபடியும் கல்லு வெக்கணும்ல" என்கிறார். கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது. அப்புறம் சத்தம். அக்கா பேசுவதே கத்துவது போலத்தான் இருக்கும். அடுப்புச் சத்தம், தெருச் சத்தம், காது கேட்காத வயசானவர்கள், பாஷை தெரியாத கஸ்டமர், இதற்கு நடுவில் 20 வருஷமாகப் பேசிப் பேசி அந்தக் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. "நான் கத்துற ஆளுதான், இல்லைன்னு சொல்லலை" என்று அவரே சொல்கிறார்.

அந்தக் கத்தல்தான் வீடியோவாகியது.

போன வருஷம் அக்னி நட்சத்திர சமயம், எனக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்தது. 14 செகண்ட் இருக்கும். ஒரு பெரிய பெண்மணி கையில் கரண்டியை ஆட்டிக்கொண்டு "ஜா! ஜா!" என்று கத்துகிறார், எதிரே மெலிந்த ஓர் ஆள், கையில் ஆஸ்பத்திரி கவர், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறார். மேலே எழுத்து: பசியோட வந்தவனை விரட்டும் ஓட்டல்காரி. பின்னணியில் ஒரு காமெடி சத்தம். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மூன்று குரூப்பில் போட்டேன்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாத ஒரு விஷயம் இருக்கிறது. வீடியோ வந்தபோதே அதன் மேலே அந்த இரட்டை அம்புக்குறி இருந்தது, பல முறை ஃபார்வர்டு ஆனது என்று. அந்த மாதிரி மெசேஜை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், கண்டதையும் ஊரெல்லாம் தள்ளிவிடக் கூடாது என்றுதான் அந்தக் கட்டுப்பாடு. நான் என்ன செய்தேன், பொறுமையாக மூன்று தடவை தனித்தனியாக அனுப்பினேன். ஃபேமிலி குரூப், ஸ்கூல் குரூப், ஆபீஸ் குரூப். இவ்வளவு மெனக்கெட்டு நான் என் கரண்ட் பில்கூடக் கட்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து ஆபீஸ் நண்பர் ஒருத்தர் "மீன் சாப்பாடு நல்லா இருக்கும், வா" என்று கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் அந்தக் குரல். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் புரிந்தது. சோறு தொண்டையில் நின்றுவிட்டது என்றெல்லாம் எழுத ஆசைதான், ஆனால் நிற்கவில்லை, மீன் நன்றாக இருந்தது, முழுசாகச் சாப்பிட்டேன். கை கழுவப் போகும்போதுதான் ஒரு மாதிரி இருந்தது.

உண்மையில் அன்றைக்கு நடந்தது இது. அந்த ஆள் ஐந்து நாளாக அங்கே கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவருகிற நேரம். அந்த நேரத்தில் வந்து நின்று, கணக்கைப் பார்த்துப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பையைத் திறக்கிறார். அக்காவுக்குத் தெரிந்த இந்தி மொத்தமே ஒரு கை அளவு, அதில் "பைசா பாத் மே, பெஹலே மா கோ தேக், ஜா, ஜா" என்று விரட்டியிருக்கிறார். காசு அப்புறம், முதலில் போய் அம்மாவைப் பார். வீடியோவில் முன்பாதியை வெட்டிவிட்டார்கள், அல்லது எடுத்தவன் ஆரம்பித்ததே அங்கிருந்துதான். மிச்சம் இருந்தது "ஜா ஜா"வும் கரண்டியும்.

அப்புறம் நடந்ததை அக்காவின் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேலூரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம், சாயங்காலம் கல்லாவில் உட்காருவார். (இப்படி எழுத அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன், இதற்கு மேல் அடையாளம் கேட்காதீர்கள்.) இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்திருக்கிறது. வடக்கே அதைப் பார்த்தவர்கள், நோயாளியின் குடும்பத்தையே தமிழ்க்காரி துரத்துகிறாள் என்று திட்டினார்கள். இங்கே பார்த்தவர்கள், தமிழ்நாட்டில் கடை வைத்துக்கொண்டு எதற்கு இந்தி பேசுகிறாய் என்று திட்டினார்கள். ஒரே 14 செகண்டுக்கு இரண்டு நேரெதிர் குற்றச்சாட்டு. மூன்றாவது கூட்டம் எதையும் யோசிக்காமல் அக்காவின் உடம்பைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் எழுதியது. அதுதான் எண்ணிக்கையில் அதிகம் என்று அந்தப் பெண் சொன்னார்.

அப்புறம் கடைக்கு ஸ்டார். போனில் வருகிற மேப்பில் யாரோ பழைய கஸ்டமர் எப்போதோ இந்தக் கடையைச் சேர்த்துவிட்டிருக்கிறார், இவர்களுக்கே அது தெரியாது. ஒரே வாரத்தில் அங்கே ஒரு ஸ்டாராகக் கொட்டியது. வேலூர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்காதவர்கள் எல்லாம் "சாப்பாட்டில் முடி இருந்தது" என்று எழுதினார்கள். யாரோ திருத்தம் அனுப்பி கடைப் பெயரையே ஒரு வசவுச் சொல்லாக மாற்றிவிட்டான், அது இரண்டு நாள் அப்படியே இருந்தது.

இதெல்லாம் அக்காவைத் தொடவில்லை என்றால் நம்புவீர்களா? "எனக்கு இன்னா தெரியும், நான் போன்ல பேசுவேன், அவ்ளோதான்." அவர் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தது மகள். தினம் ராத்திரி இரண்டு மணி வரை முழித்து ஒவ்வொன்றாகப் படித்தது மகள். யாரைக் குறி வைத்தார்களோ அவரை விட்டுவிட்டு, போன் வைத்திருக்கிற சின்னவளைப் போய்ச் சேருகிறது இந்தக் கல். வீடியோவை அனுப்பும்போது இப்படி ஒரு மகள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அந்தக் கரண்டிதான் தெரிந்தது.

பிறகு அது மகளையே நேராகத் தேடி வந்தது. கடையோடு சேர்த்து அவருடைய கணக்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்த ஒரு காலேஜ் ஃபங்ஷன் போட்டோவை ஆபாசமாக மாற்றி, அவருக்கே அனுப்பி, பதில் போடாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று ஒருத்தன். இந்த இடத்தில் வீட்டில் நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் நாம் எல்லோரும் இதைத்தான் செய்வோம். அக்கா, "போனைத் தூக்கி பாலாத்துல போடு" என்றார். அண்ணன் போனைப் பிடுங்கி, அந்தச் சாட்டை முழுக்க அழித்துவிட்டு, தன்னுடைய சொந்தக் கணக்கிலிருந்து அவனுக்கு அசிங்க அசிங்கமாகப் பதில் போட்டார். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவன் போட, "பாருங்க, குடும்பமே இப்படித்தான்" என்று அது ஒரு புது ரவுண்டு ஓடியது. ஆதாரமும் போச்சு, மானமும் போச்சு, அதோடு மகள் இரண்டு நாள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து நாம் முதலில் பிடுங்குவது போனை. அடுத்த தடவை ஏதாவது வந்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா?

நல்ல வேளை, கல்லூரியில் ஒரு மேடத்திடம் சொல்லியிருக்கிறார். அந்த மேடம் முதலில் சொன்னது, எதையும் அழிக்காதே, பதிலும் போடாதே. அவன் மறுபடியும் அனுப்பினான், அனுப்பாமல் இருக்க அவனால் முடியாதே. இந்தத் தடவை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்கவில்லை. அவன் கணக்கின் லிங்க், மேலே தெரிகிற அலங்காரப் பெயர் வேறு, உள்ளே இருக்கிற யூசர் ஐ.டி. வேறு, அந்த ஐ.டி., தேதி, நேரம், எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன் ரெக்கார்டிங். வெறும் ஸ்கிரீன்ஷாட் கொண்டுபோனால் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவான், லிங்க் இருந்தால்தான் பிடிமானம்.

பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார். பெரும்பாலான பேருக்கு இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. 1930 என்பது பணம் பறிபோனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண். இந்த மாதிரி விஷயத்துக்கு அந்தத் தளத்திலேயே பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் புகார் என்ன ஆனது என்று பின்னால் போய்ப் பார்க்க முடியாது. இவர் பெயர் கொடுத்தே போட்டார், நம்பர் வந்தது, மேடமும் அக்காவும் கூடப் போய் மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலும் எழுதிக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆபாசமாக்கிய படத்தை ஆன்லைனில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வேண்டாம் என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணை விடாமல் துரத்தித் தொடர்பு கொண்டால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் சட்டத்தில் 78-ஆம் பிரிவு. அந்தப் புகார் நடப்பில் இருக்கிறது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது.

அக்காவைத் திட்டினவர்கள் மேல் என்ன செய்ய முடியும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ பிரிவு போடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிரிவை சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24-ஆம் தேதியே ரத்து செய்துவிட்டது. எரிச்சலூட்டுகிற மாதிரி எதை எழுதினாலும் கைது செய்யலாம் என்று அதை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் அந்த மாதிரி. மிரட்டல், ஆபாசம், போலிக் கணக்கு, இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. "உருண்டை", "கரிச்சட்டி" என்று எழுதுகிற ஆயிரம் பேருக்கு ஆயிரம் கேஸ் போட முடியாது. அது போகட்டும்.

படம் வெளியே பரவாமல் இருக்க மேடம் இன்னொன்று காட்டியிருக்கிறார், எனக்கு இது புது விஷயம். ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி என்று ஒரு தளம், பிரிட்டனில் ஒரு அறக்கட்டளை 2021 டிசம்பரில் ஆரம்பித்தது. அதில் நம் படத்தை அனுப்பவே வேண்டாம். நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உண்டாகிறது, அந்த எண் மட்டும்தான் போகிறது. அதில் சேர்ந்திருக்கிற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரியான நிறுவனங்கள் அதே ரேகை உள்ள படம் ஏறினால் கண்டுபிடித்து நீக்குவார்கள். மார்பிங் செய்த படத்துக்கும் பொருந்தும். 18 வயசுக்குக் கீழே என்றால் டேக் இட் டவுன் என்று வேறொரு தளம், 2023-இல் வந்தது. இதில் ஓட்டையும் உண்டு, படத்தை வெட்டி, கிறுக்கி மாற்றினால் பிடிபடாமல் போகலாம், சேராத ஆப்பில் அது வேலை செய்யாது, குறிப்பாக ஆள் ஆளுக்குத் தனியாக அனுப்பிக்கொள்வதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரிதான் அந்தப் பெண் பல நாளைக்குப் பிறகு தூங்கியிருக்கிறார். படம் மாற்றப்பட்டது, ஆபாசமானது என்று பாதிக்கப்பட்டவரோ அவருக்காக இன்னொருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்தில் எடுக்க நடவடிக்கை வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் எழுதியிருந்தது, அதையும் புகாரில் குறிப்பிட்டே அந்த ஆப்புக்கு அனுப்பியிருக்கிறார்.

தன்னுடைய இன்ஸ்டாகிராமில் அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் வேண்டாத சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அந்தச் சொல் வருகிற மெசேஜும் பதிலும் நம் கண்ணில் படாமல் ஒதுங்கிவிடும். ஆனால் நம் ஆட்கள் தமிழ் வசவைத் தமிழில் எங்கே எழுதுகிறார்கள், ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். ஒரே கெட்ட வார்த்தைக்கு ஐந்து விதம், நடுவில் ஒரு புள்ளி, ஒரு ஸ்டார். மகள் உட்கார்ந்து அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார், யானை, பன்றி எமோஜி உட்பட. "காலேஜ்ல படிச்சதை விட இதுல ஸ்பெல்லிங் அதிகம் படிச்சேன் அண்ணா" என்றார் சிரித்துக்கொண்டே. தெரிந்த முகங்களில் ஒன்றிரண்டை பிளாக் செய்யவில்லை, ரெஸ்ட்ரிக்ட் செய்திருக்கிறார். பிளாக் செய்தால் தெரிந்துபோய் காலேஜில் வேறு விதமாக ஆரம்பிப்பார்கள். ரெஸ்ட்ரிக்ட் என்றால் அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பான், அவன் எழுதுவது அவனுக்கு மட்டும் தெரியும். சுவரோடு பேசுகிற மாதிரி. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

மேப் விஷயம் தனி வேலை. கடை எங்களுடையது என்று நிரூபித்து, கடையை வீடியோ எடுத்து அனுப்பி, அந்தப் பக்கத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெயரை மாற்ற முடிந்தது. போலி ரிவ்யூக்களை ஒவ்வொன்றாகப் புகார் செய்ததில் கொஞ்சம் போனது, கொஞ்சம் இன்னும் இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே உங்கள் கடைப் பக்கம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வம்பு வந்த பிறகு செய்தால் வாரக்கணக்கில் ஆகிறது.

சரி, என் கதை. இரண்டாவது தடவை போனபோது காசு கொடுக்கிற நேரத்தில் மகளிடம் சொல்லிவிட்டேன், அந்த வீடியோவை நானும் அனுப்பினேன் என்று. பரவாயில்லை அண்ணா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை.

"எத்தனை குரூப்ல?"

"மூணு."

"அதுல இது பொய்னு போட்டீங்களா?"

"இல்லம்மா. அழிக்கலாம்னு பாத்தேன், எல்லாருக்கும் அழிக்கிறதுக்கு டைம் தாண்டிடுச்சு."

"அழிச்சா அவங்களுக்கு எப்படித் தெரியும்? போடுங்க." மீதி 40 ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார்.

அன்றைக்கு ராத்திரி மூன்று குரூப்பிலும் போட்டேன். இப்படி இப்படி, நான் அனுப்பிய வீடியோ வெட்டப்பட்டது, நடந்தது இது, தயவுசெய்து அனுப்பியவர்களுக்கும் சொல்லுங்கள் என்று. ஃபேமிலி குரூப்பில் மாமா ஒரு கும்பிடு எமோஜி போட்டார், எதைப் போட்டாலும் போடுவார். ஸ்கூல் குரூப்பில் "அப்படியா" ஒன்று, "பழசு மச்சி, விடு" ஒன்று. ஆபீஸ் குரூப்பில் ஒருத்தர் கேட்டார்: "நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா? ஒரிஜினல் வீடியோ இருந்தா போடுங்க." வீடியோவுக்குச் சிரிக்கும்போது அவரும் சரி நானும் சரி ஆதாரம் கேட்கவில்லை.

ஒரிஜினல் வீடியோ கிடையாது. எடுத்தவன் கணக்கிலிருந்து புகாருக்குப் பிறகு அது போய்விட்டது, காப்பிகள் இன்னும் சுற்றுகின்றன. வீடியோவில் தலை குனிந்து போன அந்த பெங்கால்காரர் ஊருக்குப் போன பிறகு விஷயம் தெரிந்து, நானே பேசி வீடியோ போடுகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். அக்காதான் வேண்டாம் என்றுவிட்டார். "அவன் அம்மாவே இன்னும் எழுந்து நடக்கலை, அவனை எதுக்கு இதுல இழுக்கணும். அவன் மூஞ்சியும்தானே அதுல வந்துச்சு, அவனை யாருனா கேட்டாங்களா?" எனக்கு அதுவரை தோன்றாத விஷயம். அத்தனை பேரும் அக்காவைத்தான் பேசினோம், ஆஸ்பத்திரி கவரோடு தலை குனிந்து போகிற அந்த ஆளும் அதே 14 செகண்டில் ஊரெல்லாம் சுற்றினார்.

எங்கள் ஊருக்குக் கேலி ஒன்றும் புதுசில்லை. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிச் சொல்லாத ஆள் கிடையாது. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை என்பது நிஜம்தான். ஆனால் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-லேயே கொண்டுவந்து வைத்தாகிவிட்டது, தினம் பூஜை, பிரதோஷத்துக்குக் கூட்டம் தாங்காது. இன்றைக்கும் வெளியூரில் போய் வேலூர் என்றால் "ஓ, சாமி இல்லாத கோயில்" என்பான். 40 வருஷத்துக்கு மேலாகியும் திருத்தம் போய்ச் சேரவில்லை, அதுவும் யாரும் யாருக்கும் கெட்டது நினைக்காத ஒரு கேலிக்கே. என் மூன்று குரூப்பை நினைத்தால் இதுதான் ஞாபகம் வருகிறது.

கடையில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது, தமிழ், இந்தி, பெங்காலி மூன்றிலும், மகள் கையெழுத்து. சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். பெங்காலி எழுத்தை ஒரு கஸ்டமர் எழுதிக் கொடுத்து இவர் பார்த்து வரைந்தாராம். போன ஞாயிற்றுக்கிழமை நான் இருந்தபோது ஒரு காலேஜ் பையன் மீன் தட்டைப் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். உள்ளே அடுப்பிலிருந்து திரும்பாமலே அக்கா குரல்: "தட்டை மட்டும் எடு கண்ணு. பின்னாடி அந்த அண்ணன் வர்றாரு பாரு." பையன் பயந்துபோய் போனைக் கீழே சாய்த்துப் பிடித்து, மீனை மட்டும் எடுத்தான். பின்னால் இருந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

ஸ்டார் கேட்டால்: காரக்குழம்புக்கு ஐந்து, மீனுக்கு நாலரை, சாம்பாருக்கு இரண்டு, அதுவும் பழகின முகத்துக்காக. மேப்பில் நான் எதுவும் போடவில்லை. போகிறவர்கள் மீன் வேண்டுமென்றால் 12.30-க்குள் போய்விடுங்கள், முள்ளு கத்திரி செவ்வாயும் வெள்ளியும். எந்தக் கடை என்று அந்தச் சந்தில் யாரிடமும் கேட்க வேண்டாம், குரல் வருகிற பக்கம் நடந்தால் போதும். சில்லறை கொண்டுபோங்கள், 500 ரூபாய் நோட்டை நீட்டினால் அக்கா உங்களையும் கத்துவார்.